எகிப்தியரின் சவரக்கத்தி

பண்டை எகிப்து என்றவுடன் வானளாவிய கற்கோபுரங்களே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும், அந்நாட்டு மாந்தர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர், கல்லறைகளினின்று கிடைத்த சவரக்கத்தியையும் சாமணத்தையும் ஆடியையும் நோக்குதல் வேண்டும்.

எகிப்தியக் குருமார் பேன் முதலியன பற்றாதிருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் முழுவதையும் மழித்துக்கொள்வர் என்றும், பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் குளிர்ந்த நீரில் நீராடுவர் என்றும் கி.மு. 5-ஆம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியுள்ளார்.

இதற்கு உதவிய கத்தி முதலிற் செம்பாலானது. செம்பு மென்மையுடையது, அதன் விளிம்பை அடித்து அடித்தே உறுதியாக்கினர், அடிக்கடி தீட்டவும் வேண்டியிருந்தது. பிற்காலத்தில், இந்நாட்டார் நன்கறிந்த வெள்ளீயத்தைச் செம்புடன் கலந்து வெண்கலமாக்கினர். கூர் நெடிது நின்றது. நன்கு மெருகிட்ட உலோகத் தகடே அவர்கட்கு ஆடியாயிற்று.

1914-ஆம் ஆண்டில், லாகூன் என்னுமிடத்தில், பெட்ரி, பிரண்டன் என்னும் ஆங்கில அறிஞர்கள் இளவரசி சித்ஹாத்தோர்யுனெத்தின் கல்லறையை அகழ்ந்தனர். கள்வர் கண்ணுக்குத் தப்பிய சுவர்மாடமொன்றில் பொற்பிடியிட்ட சவரக்கத்திகளும் வெள்ளியாடியும் இருந்தன. அவளுக்கும் பல நூற்றாண்டு முற்பட்டு, அரண்மனையில் நகந்திருத்துவோர்க்குத் தலைவராயிருந்த நியான்க்னும், க்னும்ஹோத்தெப் என்னும் இருவர்க்குச் சக்காராவில் எழில்மிகு கல்லறை அமைந்தது. அஃது 1964-இல் வெளிப்பட்டது.

தெருவில் திரிந்த நாவிதனின் நிலை யாது? எழுத்தர் பள்ளிக்கு மகனை அழைத்துச் செல்லும் தந்தையொருவன் கூறுவதாக அமைந்த பழைய நூலொன்று, நாவிதன் தெருத்தெருவாய் ஆள் தேடி, மாலை சாயும்வரை மழித்து, வயிற்றுக்காகக் கை ஓயப் பாடுபடுகின்றான் என்று இழித்துரைக்கின்றது. எழுத்தர் தொழிலே மேலென மாணாக்கர்க்கு உணர்த்துவதே அந்நூலின் நோக்கம். எழுதுகோல் பிடித்தவன் தன் தொழிலைத் தானே புகழ்ந்துகொண்ட சாட்சியம் அது. எழுத்தறியாத நாவிதனின் மறுமொழி அதில் இல்லை.

ஆதலின், அன்பர்களே, ஏட்டை மட்டும் நம்பி ஒரு தொழிலை எடைபோடுதல் முறையன்று. குருவின் தூய்மையும் இளவரசியின் எழிலும், செம்பை உருக்கியவன், கத்தியைத் தீட்டியவன், மழித்தவன் ஆகியோர் உழைப்பின் பயன்களே அன்றோ! ஏடு அவர்களை இகழ்ந்தது. மண்ணுள் அழியாதிருந்த கத்தியோ அவர்தம் கைத்திறனுக்கு இன்றளவும் சான்று பகர்கின்றது.