கோமா திருத்தி: ராஸ் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

பரவளையக் கண்ணாடிக்கான திருத்தி வில்லையின் வரலாற்றை 1935இல் தொடங்குவது வழக்கம். கண்ணாடிகளின் கோமாவைத் திருத்தும் வில்லைத் தொகுதிகள் பற்றி ஃபிராங்க் ராஸ் எழுதிய கட்டுரை அவ்வாண்டில் வந்தது. கேசிகிரேன் அமைப்புக்கு ஆர். ஏ. சாம்ப்சன் 1913இலேயே புலத்திருத்தம் எழுதியிருக்கிறார். எது முதல் என்பது, திருத்தி என்று எதை அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது; அதை இங்கே முடிவு செய்யவில்லை. என் கருத்து வேறுபாடு ஆண்டோடு அல்ல, ராஸ் கோமா என்னும் நோயைப் படித்த விதத்தோடு.

பரவளையக் கண்ணாடியில் அச்சின் மீதுள்ள விண்மீன் கூர்மையான புள்ளியாகும். அச்சை விட்டு விலகினால் வால் முளைக்கும்; அதுவே கோமா. ஆகவே வாலை வெட்டினால் போதும் என்பது ராஸின் வாசிப்பு. குவியத்துக்குச் சற்று முன்னால் இரண்டு வில்லைகள், கூட்டுத்திறன் ஏறத்தாழச் சுழி. கோமா அடங்கியது. ஆனால் கண்ணாடியிடம் இல்லாதிருந்த கோளப் பிறழ்ச்சி வில்லைகளோடு உள்ளே வந்தது. ராஸ் இதை அறியாதவர் அல்லர். வளிமண்டலக் கலக்கமும் ஒளிப்படத் தட்டின் மணிகளும் அந்தப் பிழையை விழுங்கிய காலத்தில் அது நியாயமான பேரம்தான். பிழை, அவர் விட்டுச்சென்ற ‘கோமா திருத்தி’ என்ற பெயரில் இருக்கிறது. மூலை விண்மீன் உருண்டையாக வந்தால் திருத்தி நல்லது என்று பெயரையே இலக்கணமாக்கிக்கொண்டோம். சார்லஸ் வின் 1974இல் தந்த மூவில்லை அமைப்பு கோளப் பிறழ்ச்சி, கோமா, அஸ்டிக்மாட்டிசம், புலவளைவு நான்கையும் சேர்த்தே எடைபோடுகிறது. அதை ராஸின் நீட்சியாக நான் கொள்ளவில்லை, கேள்வியே மாறிவிட்டது.

என் கைச்சான்று சிறியது: செஞ்சியில், ராஜகிரிக் குன்று கருநிழலாக நிற்கும் வயல்வெளியில் ஒரே இரவில் எடுத்த இரண்டு கார்த்திகை விண்மீன்கூட்டப் படங்கள். கண்ணாடி 200 மி.மீ., எஃப்/4. முதல் படம் திருத்தி இல்லாதது. மூலை விண்மீன்கள் நடுவை விட்டு வெளிப்புறமாகச் சிறகு விரித்திருந்தன. கோமாவின் நீளம், மையத்திலிருந்துள்ள தூரத்தை மூன்றால் பெருக்கி, குவிய விகித வர்க்கத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். உணரியின் மூலை 14.1 மி.மீ. தள்ளியிருப்பதால், 0.165 மி.மீ. இரண்டாவது படம் இருவில்லைத் திருத்தியோடு எடுத்தது. மூலைகள் உருண்டு திரண்டன. ஆனால் நடுவில் நின்ற கார்த்திகை விண்மீன் அல்சியோன் பருத்துவிட்டது. குவியம் பிசகியதோ என்று மூன்று முறை சரிபார்த்தேன், பருமன் குறையவில்லை. குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பார்த்தபோது ஒளித்தட்டுகள் ஒன்றுபோல் இல்லை. இது கோளப் பிறழ்ச்சியின் கையெழுத்து. ஓர் இரவுச் சான்றுதான். ஆயினும் ராஸ் செய்த பேரத்தின் மிச்சம் இது என்றே வாதிடுவேன்.

மேலே சொன்ன கோமாக் கணக்கில் கண்ணாடியின் விட்டம் வரவே இல்லை; பெரிய தொலைநோக்கிக்கும் அதே கணக்குதான். செஞ்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. தொலைவிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் குவியம் எஃப்/3.25. அங்கே அதே 14.1 மி.மீ. தூரத்தில் கோமா 0.25 மி.மீ. ஆகும். பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கி எஃப்/3.3. காவலூர்த் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த பாப்பு, கார்னகி ஆய்வாளராகப் பாலோமருக்குப் போனவர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்குவது தற்செயல் என்று என் மனம் ஒப்பவில்லை. ஆனால் நெருக்கம் மட்டுமே வழித்தோன்றலுக்குச் சான்றாகிவிடாது. 

ராஸின் வழிக்கு மாற்றும் அங்கே இருந்தது: 1988இல் 4130 ராமானுஜன் சிறுகோள் கண்டறியப்பட்டதும் காவலூரில்தான், 45 செ.மீ. ஷ்மிட் கருவியால். அக்கருவியில் இருப்பது கோளக் கண்ணாடி. துளை வளைவு மையத்தில் இருப்பதால் கோமா பிறப்பதே இல்லை. முன்னாலுள்ள தகட்டின் வேலை முழுதும் கோளப் பிறழ்ச்சியைத் தீர்ப்பது. கண்ணாடியும் துளையும் தகடும் சேர்ந்து, ஒரு பிழையை மட்டும் தனியே துரத்தாத அமைப்பு அது.

எனவே எஃப்/5, எஃப்/6 கண்ணாடிக்கு இருவில்லை போதும் என்பேன். எஃப்/4க்கு மூவில்லையோ நான்கு வில்லையோ வேண்டும், குவியத்தூரம் சற்று நீண்டாலும் சரி. திருத்திக்கும் உணரிக்கும் இடையே சொல்லப்படும் 55 மி.மீ. இடைவெளி பிசகியிருந்தால் என் அல்சியோன் எவ்வளவு பருத்திருக்கும் என்பது பாக்கி. அரை அரை மில்லிமீட்டராக மாற்றி, வரும் தை மாதத்தில் அதே வயலில் மறுபடி எடுக்க இருக்கிறேன்.