கூர்நோக்கு இல்லமும் உத்தர வீதியும்: இளஞ்சிறார் மேற்பார்வை எங்கே நடக்கிறது?

திருச்சி கீழப்புலிவார்டு ரோட்டில் அரசினர் கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. இத்தகைய இல்லங்களின் பெயர் நாளிதழில் அடிபட்டால், பெரும்பாலும் சிறுவர்கள் சுவரேறித் தப்பிய செய்தியாகத்தான் இருக்கும். சுவரை உயர்த்து, கேமரா வை என்று உடனே பேச்சு கிளம்பும். சட்டமோ அந்தச் சுவரைப் பெரிதாக நம்பவில்லை. கூர்நோக்கு இல்லம் தண்டனைக் கூடமன்று. வேறு வழி இல்லாதபோது, விசாரணை முடியும்வரை சிறுவனைத் தங்கவைக்கும் இடம். மேற்பார்வையின் களம் அவன் வீட்டு வாசல். அங்கே போக வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். திருத்தம் நடப்பதும் நடக்காமல் போவதும் கட்டடத்தைவிட அவர் வீடு தேடி நடப்பதைப் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது நேற்று முளைத்த சிந்தனையன்று. இந்தியாவின் முதல் சிறுவர் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வங்காளமும் பம்பாயும் பிறகே தொடர்ந்தன. 1936இல் இங்கே நன்னடத்தைச் சட்டமும் வந்துவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் மத்திய இளைஞர் நீதிச் சட்டமும் தமிழ்நாட்டின் 2017 விதிகளும்.

ஒரு நிலைமையை வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். அம்மா மண்டபம் படித்துறையில் யாரோ ஒருவர் பையிலிருந்து செல்போனை எடுத்ததாகப் பதினாறு வயதுப் பையன் பிடிபடுகிறான். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள்; அந்த இருவரில் ஒருவராவது பெண். ஜாமீன் தருவதே வழக்கம். குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதி பிறழும் என்ற மூன்று காரணங்களால்தான் மறுக்கலாம். குற்றத்தின் கடுமை அதில் இல்லை.

பிறகு இரண்டு வாரத்துக்குள் நன்னடத்தை அலுவலரிடமிருந்து சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். வீட்டில் யார் யார், வருமானம் என்ன, சேர்க்கை எப்படி, பள்ளியை விட்டது ஏன் என்று படிவம் கேட்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘படிப்பில் நாட்டமில்லை’ என்று எழுதி முடிப்பது சுலபம். வீட்டுக்கு நேரில் போனால், அப்பாவின் லோடு ஆட்டோவை ஃபைனான்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போனதும், பையன் விடியற்காலை காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு வகுப்பில் தூங்கியதும் தெரியவரலாம். முதல் அறிக்கை அறிவுரையில் முடியும்; இரண்டாவது, குடும்பத்துக்கு உதவியையும் பையனுக்குத் தொழிற்பயிற்சியையும் நோக்கிப் போகும். குழுமம் பெரிதும் நம்பியிருப்பது இந்த அறிக்கையைத்தான் என்பதால் இந்தச் சிறு வேறுபாடு பெரிது.

அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, மூன்றாண்டுவரை நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாகச் சிறப்பு இல்லம் என்று ஆணைகள் பலவகை. சமூக சேவைக்கு விதிகளே பூங்காப் பராமரிப்பு, முதியோருக்கு உதவி, மருத்துவமனைப் பணி என்று எடுத்துக்காட்டுகின்றன. கோயிலுக்கு வரும் வயதானவர்களுக்குக் கைகொடுக்கச் சொல்லலாமே என்று தோன்றும். நல்ல எண்ணந்தான், ஆனால் இடம் தவறு. ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிய உத்தர வீதியில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமலே ஆளைத் தெரிந்துகொள்வார்கள். சிறாரின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்கிறது 2015 சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆற்றைத் தாண்டி, திருச்சி மருத்துவமனை ஒன்றில் அவனை வேலைக்கு விடுவதே மேல்.

சுவருக்குள் என்ன நேரும் என்பதற்குச் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லம் சாட்சி. 2022 டிசம்பர் இறுதியில், பேட்டரி திருடியதாக அங்கே கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் தாக்கப்பட்டு இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைதானார்கள். இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2023இல் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. சீரமைப்பு அவசியம்தான். ஆனால் செல்போனோ பேட்டரியோ எடுத்த பையன் இல்லத்தின் படியேற வேண்டுமா என்ற கேள்வி அதற்கும் முந்தியது.

வழக்கு முடிந்தபின் நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை பழைய பதிவை வெளியிடக் கூடாது. கோப்பு மூடிவிடும். ஆனால் அதே வீதி மளிகைக்கடையில் ஆள் தேவை என்று அட்டை தொங்கும்போது, அந்தப் பையனைக் கடைக்காரர் உள்ளே விடுவாரா? அதை விசாரிக்கவும் அந்த நன்னடத்தை அலுவலர்தான் மறுபடி வீதிக்கு வர வேண்டும்.