கொங்கு நாட்டில் இளங்கலைப் பொருளியல்: பட்டத்துக்கான நிபந்தனையாகக் களஆய்வு

பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரியில் பி.ஏ. பொருளியல் முடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் விடை பெரும்பாலும் எண்களாகவே வரும். மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், 140 கிரெடிட், தாள்தோறும் 40 விழுக்காடு. முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் பொருளியல் தாள்களும் அவற்றுக்குத் துணைப்பாடங்களும் உள்ளன. நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வி முதலானவை, ஐந்தாம் பகுதியில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணி. அரியர் இல்லாமல் இவற்றைக் கடந்தவர் பட்டதாரி. இந்த நிபந்தனைகளில் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களை எல்லையாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தில், அவற்றின் ஒரு தொழிலையோ ஒரு சந்தையையோ நேரில் ஆராயாமலே ஒருவர் பொருளியல் பட்டதாரி ஆகிவிட முடிகிறது. பயிற்சிக்கென்று 2 கிரெடிட் ஒதுக்கினாலும் அது பெரும்பாலும் ஒரு சான்றிதழோடு முடிகிறது. களஆய்வு மூன்றாம் பகுதியின் நடுவில், கட்டாய நிபந்தனையாக அமைய வேண்டும் என்பதே என் வாதம்.

இது புதிய யோசனை அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் துறை தொடங்கிய காலத்தில் அதன் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆராயச் செய்தார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி நெல்லாகவா பணமாகவா, கடன் யாரிடம், எந்த வட்டிக்கு என்று அவர்கள் கேட்டு எழுதியவற்றிலிருந்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூல் ஒன்று உருவானது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களின் பிற்பகுதியில் அதே கிராமங்களை மீண்டும் ஆராய்ந்து, 1940இல் நூலாக்கினர். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்களைப் பின்வந்த ஆய்வாளர்களும் தேடிச் சென்றனர். இருவேல்பட்டின் கதை 1916 முதல் 2008 வரை தொடர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. மாணவர்களின் தகவல் சேகரிப்பில் தொடங்கிய வேலை ஒரு நூற்றாண்டு ஆய்வுக்கு அடித்தளமானது. இந்தத் தகுதி நம் இளங்கலை மாணவர்களுக்கு இல்லை என்று முடிவு கட்டியது யார்?

கொங்குப் பகுதியில் இதன் தேவை இன்னும் கூர்மையானது, ஏனெனில் பாடநூலில் உள்ள நிறுவனக் கோட்பாடு இங்குள்ள நிறுவனங்களோடு எளிதில் பொருந்துவதில்லை. சோமனூர், பல்லடம் வட்டாரத்தின் விசைத்தறியாளரை எடுத்துக்கொள்வோம். தறி அவருடையது, கொட்டகை அவருடையது, மின்கட்டணமும் உதிரிபாகச் செலவும் தறி ஓட்டுபவரின் சம்பளமும் அவர் பொறுப்பு. ஆனால் பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வருகின்றன. நெய்த துணியும் அவரிடமே போகிறது. தறியாளர் பெறுவது விலை அல்ல, கூலி. அவர் முதலாளியா, தொழிலாளியா? இடர் யார் தலையில் விழுகிறது? கூலி உயர்வு ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தறியின் உடைமையாளரே கூலிக்காக வேலைநிறுத்தம் செய்வதை நிறைகுறைப் போட்டி பற்றிய அத்தியாயத்தை மனப்பாடம் செய்து விளக்கிவிட முடியாது. 2023இல் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரம் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அந்தச் சலுகை தறியாளரிடம் தங்கியதா, அல்லது கூலி பேசும்போது ஜவுளி உற்பத்தியாளரின் கைக்குப் போனதா? மானியத்தின் இறுதிப் பயன் யாருக்கு என்பது பொது நிதியியலின் பழைய கேள்வி. அதற்கு விடை தேட ஒரு மாணவருக்குப் பத்துத் தறிக் கொட்டகைகளின் கணக்கு போதும்.

இதே அமைப்பு நெசவோடு தொடர்பில்லாத வேறொரு தொழிலிலும் இருக்கிறது. பல்லடம், உடுமலை பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கிலோ கணக்கில் அவருக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. கொட்டகை என்ற நிலையான முதலீட்டைச் சிறு உடைமையாளர் சுமக்கிறார். நடைமுறை மூலதனமும் சந்தையும் பெரியவர் கையில் இருக்கின்றன. இரு தொழில்களும் ஏன் ஒரே வடிவத்துக்கு வந்தன என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டால், அவர் ஒப்பந்தக் கோட்பாட்டின் வாசலுக்கு வந்துவிட்டார். பவானி, குமாரபாளையம் தறிகளில் முன்பணமாகத் தரப்படும் ‘பாக்கி’ தொழிலாளரை முதலாளியோடு எப்படிப் பிணைக்கிறது என்பதைக் கேர்ட் டி நேவ் ஆராய்ந்தார். திருப்பூரில் தொழிலாளராகத் தொடங்கியவர்கள் முதலாளிகளான பாதையை ஷரத் சாரி எழுதினார். இருவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த ஆய்வுகள் மதிப்பு மிக்கவை. அந்தத் தெருக்களிலேயே வளர்ந்த பிள்ளைகளின் பொருளியல் பாடத்தில் அவற்றுக்கு இடமில்லாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

நொய்யல் ஆற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் புறவிளைவு என்ற கருத்துக்கு உலகின் எந்த வகுப்பறையிலும் காட்டத்தக்க எடுத்துக்காட்டுகள். இங்கே சுற்றுச்சூழல் கல்வி பெரும்பாலும் பொதுத்தாளாக நான்காம் பகுதியில் ஒதுங்கிவிடுகிறது.

பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்பது முதல் மறுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுச் சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்குக் கேட்பது குறைந்தது 120 கிரெடிட். நம்முடையது 140. மொழிப் பாடங்களைத் தொடாமலே, சிறு சிறு தாள்களாகச் சிதறிக் கிடக்கும் கிரெடிட்டுகளில் ஆறையோ எட்டையோ ஒன்றுதிரட்டிக் களஆய்வுக்குக் கொடுக்கலாம்.

அடுத்த மறுப்பு வலுவானது: செயல்திட்ட அறிக்கைகள் நகலெடுக்கப்படுகின்றன, கடையில் காசுக்கும் கிடைக்கின்றன. உண்மைதான். ஆனால் பொதுத் தலைப்புகளே நகலுக்கு வழி விடுகின்றன. ஒரு குறிப்பிட்ட வாரச்சந்தையின் ஒரு மாத விலைப்பட்டியலையோ, ஒரு தெருவின் நாற்பது வீடுகளின் கடன் கணக்கையோ யாரும் ஆயத்தமாக விற்பதில்லை. அறிக்கையைத் துறை நூலகத்தில் வைத்து, அடுத்த அணி அதே தெருவுக்கே திரும்பச் செல்லும் என்று அறிவித்துவிட்டால் பொய்க் கணக்கு தானே வெளிப்படும். நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தால் ஆசிரியரின் சுமையும் தாங்கக்கூடியதாகும். ஆலை நிர்வாகம் உள்ளே விடாது என்றால் தொழிலாளரின் வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பேசியவரின் வேலைக்கு ஆபத்து வராதபடி பெயர்களை மறைப்பது கட்டாயம்.

படிப்போடு வேலைக்கும் போகும் மாணவர்களுக்கு நேரம் ஏது என்று கேட்கிறார்கள். இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பனியன் கம்பெனியில் மாலை ஷிப்ட் பார்க்கும் மாணவருக்குப் பீஸ் ரேட் எப்படி நிர்ணயமாகிறது, சீசன் இல்லாத மாதத்தில் யார் முதலில் நிறுத்தப்படுகிறார்கள் என்பது தெரியும். இன்றைய ஒழுங்கில் அந்த அறிவு வருகைப்பதிவுக் குறைவாக மட்டுமே பதிவாகிறது. அதை முறைப்படுத்தி எழுதக் கற்றுக்கொடுத்தால் வேலையே அவருடைய களமாகும்.

மொழியைப் பொறுத்தவரை கோவைக்கு ஒரு தனி உரிமை இருக்கிறது. 1960இல் தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனை முயற்சியாகத் தொடங்கியது கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். அந்த முயற்சி பாடநூல்களைத் தமிழில் தந்தது. களத்தைப் பற்றிய புதிய எழுத்தைப் போதுமான அளவு தரவில்லை. தமிழில் கேட்டு, தமிழில் குறித்து, தமிழில் வாதிடும் அறிக்கையை முழு மதிப்போடு ஏற்றால் தமிழ்வழி மாணவருக்குப் பாதகமாகக் கருதப்பட்டதே சாதகமாகும்.

களஆய்வு கணிதத்துக்கு மாற்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் முதுகலை சேர விரும்புபவருக்கு நுண்கணிதமும் புள்ளியியலும் இல்லாமல் முடியாது. பிளஸ் டூவில் கணிதம் படிக்காமல் வரும் பலருக்கு இவை அச்சமூட்டுகின்றன. தானே திரட்டிய நாற்பது வீட்டுக் கணக்கின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் போடுபவர், அந்தச் சூத்திரம் எதற்கு என்று கேட்டு நிற்க மாட்டார். ஆகவே புள்ளியியல் தாளைக் களஆய்வுக்கு முந்தைய செமஸ்டரில் வைத்து, அதன் அகமதிப்பீட்டை வினாப்பட்டியல் தயாரிப்போடு இணைப்பது நல்லது.

தொடங்க வேண்டியவை தன்னாட்சிக் கல்லூரிகள். அவற்றின் பாடத்திட்டக் குழுவுக்கே இதைச் செய்யும் அதிகாரம் உண்டு. நான்காம் செமஸ்டர் விடுமுறையில் தகவல் திரட்டல், ஐந்தாம் செமஸ்டரில் எழுத்து, இறுதியில் வாய்மொழித் தேர்வு. அந்தத் தேர்வில் வெளித்தேர்வாளரோடு தறியாளர் ஒருவரோ, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மஞ்சள் விற்கும் விவசாயி ஒருவரோ உட்கார்ந்து கேள்வி கேட்கவும் விதிமுறையில் இடம் வைக்க வேண்டும்.