ஓவல் பந்தும் ஸ்டெதஸ்கோப்பும்

மலருக்கு ஏதாவது எழுது என்று கமிட்டி நண்பர்கள் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். அதனால் நான் அயர்லாந்துக்குப் போகிறேன். ஜாக் கைல் என்ற ரக்பி வீரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரக்பி நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர், கையால் பந்தை முன்பக்கம் எறியக் கூடாது. கைல் ஆடிய இடத்துக்கு ஃப்ளை ஹாஃப் என்று பெயர். கும்பலிலிருந்து வெளியே வரும் பந்து பெரும்பாலும் ஸ்க்ரம் ஹாஃப் வழியாக இவர் கைக்குத்தான் வரும். உதைப்பதா, பாஸ் பண்ணுவதா, தானே ஓடுவதா? ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். எதிரிகள் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்!

1926-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தபின் கால்பந்தில் இரண்டு அணிகள் ஆகிவிட்டன. ரக்பியிலோ வடக்கும் தெற்கும் ஒரே அணிதான். 1947-ல் அதில் சேர்ந்தபோது கைல், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். அடுத்த வருடமே பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நான்கையும் அயர்லாந்து ஜெயித்தது. கடைசி ஆட்டம் பெல்ஃபாஸ்ட்டிலேயே, 6–3. அயர்லாந்தின் முதல் கிராண்ட் ஸ்லாம் அது. கைலுக்கு வயது 22.

1950-ல் லயன்ஸ் அணியோடு நியூசிலாந்து போனார். போனதும் வந்ததும் கப்பலில், கிட்டத்தட்ட ஆறு மாதம். டுனிடனில் நடந்த முதல் டெஸ்ட் 9–9 என்று டிரா. அதில் கைல் ஒரு 'ட்ரை' அடித்தார். திரும்பும் வழியில் அந்த அணி நம் பக்கத்து வீடான கொழும்பிலும் இறங்கி, சிலோன் அணியை 44–6 என்று தோற்கடித்துவிட்டுப் போனது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அசத்தலாகப்படுவது அடுத்த வருடம்தான். ஆறு மாதம் கப்பலும் ஆட்டமுமாகக் கழித்த மனுஷன் 1951-ல் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்; அதே வருடம் அயர்லாந்து சாம்பியன்ஷிப்பையும் ஜெயித்தது. நானோ மூன்றாம் வருடம் இரண்டு அரியர் விழுந்ததும் ஹாக்கி ஸ்டிக்கைக் கட்டிலுக்கடியில் தள்ளியவன். அரியரை முடித்தேன், ஸ்டிக்கைத் திரும்ப எடுக்கவேயில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்போது ரக்பியில் சம்பளம் கிடையாது. 1995-ல்தான் பணம் வாங்கி ஆட அனுமதித்தார்கள். 1958-ல் கைல் நிறுத்தியபோது அயர்லாந்துக்காக 46 ஆட்டங்கள் ஆடியிருந்தார். ஊரிலேயே பேரும் புகழுமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் இந்தோனேசியாவுக்குப் போனார். பிறகு 1966-ல் ஜாம்பியாவில் சிங்கோலா என்ற தாமிரச் சுரங்க ஊருக்கு. அங்கே முப்பது வருடத்துக்கு மேல் சர்ஜன் வேலை. டேபிளில் படுத்த சுரங்கத் தொழிலாளிக்கு இவர் டுனிடனில் அடித்த ட்ரை எங்கே தெரியப் போகிறது?

2000-ல்தான் ஊர் திரும்பினார். அயர்லாந்துக்கு இரண்டாவது கிராண்ட் ஸ்லாம் கிடைக்க 61 வருடம் ஆயிற்று. 2009 மார்ச்சில் கார்டிஃபில் வேல்ஸை 17–15 என்று வென்றார்கள். 83 வயது கைல் அன்று மைதானத்தில் இருந்தார். கேப்டன் பிரையன் ஓ'டிரிஸ்கால் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். ஐந்து வருடம் கழித்து, 2014 நவம்பரில், கைல் காலமானார்.