ஊர் கூடி ஏற்றிய ஒளி: புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

 

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் நடைபெற்ற பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் மீட்புப் பணம் செலுத்த வசதியற்ற, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த சிலரை, மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்து விடுதலை பெற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். கற்பிக்க வந்தவர் எந்த அணியைச் சேர்ந்தவர் என்று அங்கே பார்க்கப்படவில்லை; கற்பவருக்கு எழுத்து கிடைத்ததா என்பதே பார்க்கப்பட்டது. அந்தப் பாடத்தின் சாயலை நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் காணலாம்.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, அரசு தனித்துச் செய்ய இயலாததை மக்களோடு சேர்ந்தால் செய்யலாம் என்பது நாட்டிற்குப் புலனாயிற்று. அதன்பின் 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அவர்கள் முன்னின்று ஊக்கம் அளித்தார்கள்.

பணியைப் பகிர்ந்த கைகள்

இவ்வியக்கத்தின் வெற்றி, பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட முறையில் இருந்தது. மாவட்ட நிர்வாகம் நிதியையும் அதிகாரத்தையும் தந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பயிற்சியையும் பாடல்களையும் வீதி நாடகங்களையும் கொண்டுவந்தனர். ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் யுவதிகளும் ஊதியம் பெறாத தொண்டர்களாக முன்வந்தனர். ஊர் மக்கள் இடம் கொடுத்தனர். பள்ளித் திண்ணையும் மரத்தடியும் வீட்டு வாசலும் மாலை நேர வகுப்புகளாயின. கல்குவாரித் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கல் பட்டை தீட்டும் பெண்ணும் பகலெல்லாம் உழைத்த கையோடு சிலேட்டைப் பிடித்தனர். 1992-இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பெற்றது.

எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பாகும். பேருந்துக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திராமல் பெண்கள் வகுப்புக்கும் வேலைக்கும் செல்ல அது வழி வகுத்தது. மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் வழங்குமாறு ஆட்சியர் வலியுறுத்தினார். யுனிசெஃப் நிறுவனம் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகளை அளித்தது. இம்மாவட்டத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அவர்களுள் இளம் முஸ்லிம் பெண்களும் இருந்தனர் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது. ஏச்சையும் ஏளனத்தையும் பொறுத்துக்கொண்டே அவர்கள் அதனைக் கற்றனர்.

ஒளி மங்கிய காரணம்

எனினும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 77 விழுக்காடாகவே இருந்தது. ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் எழுத்தறிந்திருக்க, பெண்களில் 69 பேரே அவ்வாறு இருந்தனர். கற்ற எழுத்து, வாசிக்க நூலின்றி நாளடைவில் மறந்துபோகும். கையொப்பமிடக் கற்றவர் கடிதம் படிக்கும் நிலையை அடையுமுன் வகுப்பு நின்றுபோனால், பட்ட பாடு பாதியும் வீணே. ஆகவே எழுத்தறிவு வகுப்பின் அடுத்த படி நூலகமாகும்.

நூலகத்திற்குத் தமிழகத்தில் குறைவில்லை. இந்தியாவிலேயே முன்னோடியாக 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இங்கு இயற்றப்பெற்றது. நூலக அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன் அவர்களின் உழைப்பு அதன் பின்னணியில் உண்டு. நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகள்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் உடனிருந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், எழுத்துத் தடுமாறும் தாய்க்கு நூல் நிறைந்த அலமாரியும் பூட்டிய கதவே.

நம் கடமை

1991-இல் ஊர் தந்த மூன்றை இன்றும் ஊர்தான் தர இயலும்: இடம், நேரம், நம்பிக்கை. வாரத்தில் இரு மாலைகள் நூலகத்திலோ மதரஸாக் கூடத்திலோ வகுப்பு நடத்தலாம். நூலகர் எளிய நூல்களைத் தேர்ந்து தரலாம். பள்ளி ஆசிரியர் கற்பிக்கும் முறையைக் காட்டலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் கற்போரை அழைத்து வரலாம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், ஒருவர் ஒரு தாய்க்கு எனப் பொறுப்பேற்கலாம். பெரியநாயகி மாதா ஆலயத்தாரும் பிற சமுதாயத்தாரும் அண்டை வீட்டாராய் வாழும் ஆவூரில், அவர்களையும் அழைத்துச் செய்தாலே இப்பணி நிறைவுறும்.

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்னும் செல்வத்தைப் படைத்தவர்கள். எழுத்தின் அருமை அறிந்த அச்சமுதாயத்தில், மருந்துச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பிறரிடம் நீட்டி நிற்கும் ஒரு தாயேனும் இருத்தல் தகுமோ? ஜமாஅத்தார் சிந்திப்பார்களாக!

கற்பதையும் கற்பிப்பதையும் வல்ல அல்லாஹ் நமக்கு எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.