தமிழ் தெரியாத பிரிண்டர்களும் யுனிக்சும்: சென்னைச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

பழைய பிரிண்டர் லினக்சில் ஓடுமா என்று கேட்டால் பெரும்பாலோர் அதன் வயதை விசாரிக்கிறார்கள். வயதுக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. 1990களின் ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் இன்றைய டெபியன் லினக்சில் பெரிய சிரமமின்றி ஓடும். அதற்குப் பத்தாண்டு பிந்திய லேசர் பிரிண்டர்தான் படுத்தி எடுக்கும். எழுத்தை வரையும் வேலை பிரிண்டருக்குள் நடக்கிறதா கணினிக்குள்ளா, கணினிக்குள் என்றால் அந்த நிரல் யார் கையில் இருக்கிறது என்பவைதான் முடிவு செய்கின்றன. தமிழில் அச்சிடுவோருக்கு முதல் கேள்வியின் விடை தொடக்கத்திலிருந்தே மாறவில்லை: வரைய வேண்டியது கணினிதான்.

பெர்க்லி யுனிக்சின் அச்சு நிரலான எல்பிடி, 1980களின் தொடக்கத்தில், அடிப்படையில் ஒரு வரிசை ஒழுங்கு. பலர் அனுப்பும் கோப்புகளை வாங்கி வைத்து, ஒவ்வொன்றாக பிரிண்டருக்குத் தள்ளும். ஆங்கிலத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 போன்ற பிரிண்டருக்கு 65 என்ற எண்ணை அனுப்பினால், ஆங்கிலப் பெரிய ‘ஏ’யை எந்தெந்த ஊசியால் குத்துவது என்பது அதன் அழியா நினைவகமான ரோமிலேயே எழுதியிருக்கும். எப்சனின் கட்டளைத் தொகுதியைப் பின்னர் பல நிறுவனங்கள் பின்பற்றின. 1986இல் தொடங்கிய சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த எம்எஸ்பி வரிசையும் அந்த மொழியைப் புரிந்துகொள்ளும். தி.நகர் கடைகளின் பில் மேசைகளில் இவ்வகை பிரிண்டர்கள் நிலைத்ததற்குக் காரணம் எளிது. கார்பன் வைத்த இரட்டைப் படி எடுக்க ஊசி குத்தத்தான் வேண்டும், லேசரால் ஆகாது.

ரோமில் தமிழ் எழுத்து கிடையாது. இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று வன்பொருள் வழி: ஐஐடி கான்பூரில் உருவாகி, பின்னர் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில், புனேயில் வளர்ந்த, இந்திய எழுத்துகளுக்கான ஜிஸ்ட் தொழில்நுட்பம். யுனிக்ஸ் கணினிகளோடு இணைக்க ஜிஸ்ட் முனையங்களும் வந்தன. இந்திய எழுத்துகளுக்கான இஸ்கி குறியீடு 1991இல் இந்தியத் தரநிலையானது. மற்றது, தமிழை எழுத்தாக அல்லாமல் படமாகவே அனுப்புவது. நிலைத்தது இந்த இரண்டாம் வழிதான்.

அது நடக்கும் விதம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. 27, 42 என்ற எண்களோடு தொடங்கும் கட்டளை வந்ததும் பிரிண்டர் எழுத்தை மறந்துவிடும். அதன்பின் வரும் ஒவ்வொரு பைட்டும் செங்குத்தான எட்டுப் புள்ளிகள். மேல் ஊசிக்கு 128, அடுத்ததற்கு 64, இப்படிக் கடைசியில் 1. ஒன்பதாவது ஊசி சும்மா இருக்கும். ஊசிகளுக்கிடையே 1/72 அங்குலம் என்பதால் ஒரு முறை தலை ஓடினால் 1/9 அங்குல உயரமுள்ள பட்டை விழும். இந்த அளவில் ‘ணை’யின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே தாளை 1/216 அங்குலம் நகர்த்தி, அதே பட்டையை மூன்று முறை ஓட்டி இடைவெளியை நிரப்புவார்கள். ஏ4 தாள் முழுதும் தமிழ் என்றால் தலை முந்நூறு தடவைக்கு மேல் போய்வர வேண்டும். அந்தக் கிறீச்சொலியைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்தக் கணக்கை யுனிக்ஸ் பக்கம் செய்து கொடுத்தது, 1988இல் பீட்டர் டாய்ச் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட். பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத மலிவு பிரிண்டருக்காக, பக்கத்தைக் கணினியிலேயே வரைந்து புள்ளிகளாக்கித் தரும் நிரல் அது. அதிலுள்ள ‘இபிஎஸ்9ஹை’ என்னும் இயக்கி மேலே சொன்ன மூன்று ஓட்டத்தைத்தான் செய்கிறது. ஆங்கிலத்துக்கு அது ஒரு வசதி. தமிழுக்கு அதைவிட்டால் வழியில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் எழுத்துருக் குறியீடுகளும் பிறந்தன. அதே ஆண்டு மைக்கேல் ஸ்வீட் கப்ஸ் அச்சு அமைப்பை வெளியிட்டார். கப்ஸில் எப்சன் ஒன்பது ஊசி வரிசைக்கும் டிரைவர் சேர்ந்தது. டாம், டாப் போன்ற எட்டு பிட் எழுத்துருக்களின் காலத்தில், கொம்பு முன்னால் வருவது தட்டும்போதே முடிவாகிவிடும்; பிரிண்டர் வழிக்கு அந்தக் கவலை இல்லை. யுனிகோடு வந்தபின் ‘கொ’வின் கொம்பை இடமாற்றும் பொறுப்பு காட்டும் நிரலுக்குப் போனது. திரையில் சரியாகத் தெரிந்த உரைக்கோப்பு, சாதாரண வடிகட்டி வழியே தாளில் சிதைந்து வந்தது இதனால்தான். எழுத்துகளைக் கோத்தமைக்கும் பாங்கோ நிரல் நூலகத்தைக் கொண்டு டோவ் குரோப்கெல்ட் எழுதிய ‘பேப்ஸ்’ இந்த ஓட்டையை அடைத்தது. பிழையைப் பிரிண்டர்மேல் போட்டவர்கள் பலர். பாவம், தனக்குத் தந்த புள்ளியைத்தான் அது குத்தியது.

அடுத்த கட்டம் அரசு சார்ந்தது. நந்தனத்திலிருந்த தமிழக அரசு நிறுவனமான எல்காட், ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் சூசே லினக்சுக்கு மாறியது. அடையாறை அடுத்த தரமணியின் டைடல் பூங்காவில் இயங்கிய சென்னை சி-டாக் 2007இல் டெபியனை அடியொற்றி பாஸ் லினக்சை வெளியிட்டது. அலுவலக மேசைகளில் அப்போது இருந்தவையோ பெரும்பாலும் வேறோர் இயங்குதளத்தை மனத்தில் வைத்து வாங்கிய பிரிண்டர்கள்.

மயிலாப்பூர் வக்கீல் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் சாதாரணமாகக் காணக்கூடிய ஹெச்பி லேசர்ஜெட் 1020ஐ எடுத்துக்கொள்வோம். இதற்கு எழுத்துரு தெரியாது, போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாது. தன் சொந்த நிரலையே அது நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஸ்விட்ச் போடும்போதெல்லாம் கணினி அந்த ஃபர்ம்வேரை யுஎஸ்பி வழியே ஏற்ற வேண்டும். லினக்சுக்கு இதைச் சாத்தியமாக்கியது ரிக் ரிச்சர்ட்சனின் ‘ஃபூ2இசட்ஜேஎஸ்’. உரிமம் காரணமாக ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். 2012இல் சென்னையில் தினசரி மின்வெட்டு இருந்தபோது, கரன்ட் வந்ததும் அதைத் தானே ஏற்றும் விதி கணினியில் இல்லாவிட்டால் பிரிண்டர் விளக்கெரிய மௌனமாக நிற்கும். கேனான் எல்பிபி2900 இன்னொரு வகை. நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தந்தது; அது 32 பிட் நூலகங்களைச் சார்ந்திருந்ததால் 64 பிட் கணினிகளில் தகராறு. பின்னர் அதன் மொழியை வெளியிலிருந்து ஆராய்ந்து ‘காப்ட்டிரைவர்’ என்ற திறந்த நிரலை எழுதினார்கள்.

இந்த இரண்டு லேசர்களும் தமிழை டாட் மேட்ரிக்ஸ் போலவே புள்ளிகளாகத்தான் வாங்குகின்றன. வேறுபாடு, எப்சனின் கட்டளைகள் கையேட்டிலேயே அச்சிட்டுத் தரப்பட்டிருந்தன என்பதுதான். இனி டிரைவர்களுக்கே இன்னொரு மாற்றம்: கப்ஸ் 3 வரிசையில், பிரிண்டரின் திறன்களை விவரிக்கும் பிபிடி கோப்புகளுக்கும் பழைய பாணி டிரைவர்களுக்கும் இடமில்லை என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். அவற்றுக்குப் பதிலாக, ஓப்பன்பிரிண்டிங் திட்டத்தில் டில் கம்பெட்டர் முதலியோர் பழைய டிரைவர்களை உள்ளடக்கிய ‘பிரிண்டர் அப்ளிகேஷன்’களை உருவாக்கியுள்ளனர். அவற்றில் ஒன்று கோஸ்ட்ஸ்கிரிப்டின் பழைய இயக்கிகளுக்கானது.