முதலில் பேசுவது யார்? 1908, 1995, 2018



ஓட்டப்பிடாரம் என்றால் பாடப்புத்தகம் வ.உ.சி.யைச் சொல்லும், பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக்காகக் கட்டபொம்மனைச் சொல்லும். கவர்னகிரி சுந்தரலிங்கத்தின் பெயரை நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. யார் பெயர் பொதுவெளியில் நிற்கலாம் என்பதே இங்கு அரசியல். யார் சொல் நிற்கலாம் என்பதும் அப்படித்தான். இந்த மண்ணின் மூன்று ஆண்டுகளை வைத்து அதைப் பார்ப்போம்.

1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தனர். அதே ஆண்டு, பாரதி எழுதிவந்த 'இந்தியா' இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் கைதாக, பாரதி புதுச்சேரிக்குப் போனார். 1910இல் வந்த பத்திரிகைச் சட்டம், அச்சகங்களும் இதழ்களும் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றது. பணமில்லாதவன் பேச முடியாது என்பதே அதன் பொருள். அதற்கு முன்பே, 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்', 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' என நம் முன்னோர் சொந்த இதழ்களைத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர் இதழ்களில் நமக்கு இடமில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

1995 ஆகஸ்ட் 31. ஓட்டப்பிடாரம் வட்டம் கொடியங்குளம். அன்று இந்த மாவட்டத்துக்கே வ.உ.சி.யின் பெயர். தேவேந்திரர் வாழும் அந்த ஊருக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் இயந்திரம் எல்லாம் நொறுங்கின. படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் தீக்கிரையாயின. கிணற்று நீரும் கெடுக்கப்பட்டது. அரசும் பெரும்பாலான ஊடகங்களும் அந்தக் காலத்து நிகழ்வுகளை 'சாதி மோதல்' என்ற சொல்லுக்குள் அடைத்தன. மோதல் என்றால் இருதரப்பும் சமம். சீருடையணிந்தவர்கள் ஒரு ஊரை உடைத்ததை அந்தச் சொல் மறைத்துவிடும். ஊர்மக்கள் கையில் அன்று கேமரா இல்லை.

2018 மே 22இல் கை நிறைய கேமராக்கள் இருந்தன. ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாள் அது. தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தனர். வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த சாதாரண உடைக்காரரை நாடே கைப்பேசியில் பார்த்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாள் இணையத்தை நிறுத்த ஆணை வந்தது. சமூக ஊடகச் செய்திகளே காரணம் என்றார்கள். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் அதன்கீழ் 2017இல் வந்த விதிகளும் அதற்குக் கைகொடுத்தன. அடுத்த மாதம், போராட்டங்களைப் பற்றிக் கோவையில் விவாத நிகழ்ச்சி நடத்திய புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது வழக்கும் பாய்ந்தது.

சம்பவத்தைத் தொலைக்காட்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டதாக அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கூறினார். அது உண்மையல்ல, அவருக்கு உடனுக்குடன் தகவல் போனது என்று அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் சொன்னது. தப்பி ஓடியவர்கள் மேல் சுட்டதையும் பதிவு செய்து, 17 காவல்துறையினர்மீது நடவடிக்கை கோரியது. இணையத்தை நிறுத்த ஒரு நாள் போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்ல நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில்தான் அதிகாரம் தன் கதையை எழுதிக்கொள்கிறது.

அப்படியானால் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்கிறோமா? இல்லை. சாதிப் பெருமைக் காணொளிகளும் நம் பெண்களை இழிவு செய்யும் பதிவுகளும் அதே கைப்பேசியில்தான் வருகின்றன. இணையத்தில் இழிவுபடுத்துவதும் வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. அந்தச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதை நடத்த மனம்தான் இல்லை. மறுபுறம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசு ஒரு பதிவை முடக்கினால், அந்த நடவடிக்கையை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன 2009ஆம் ஆண்டு விதிகள். இணைய முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுராதா பாசின் வழக்கில் சொன்னது. ஆணை வெளியானால்தான் அதை எதிர்த்து வழக்காட முடியும்.

தனியார் ஊடகம் நம்மைக் காக்கும் என்பதும் மயக்கமே. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் செய்த ஆய்வில், 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. தமிழகத்திலோ கட்சிக்கொரு சேனல்.

ஆகவே எந்தக் கட்சியின் ஆட்சி ஒழுங்குமுறை என்று பேசினாலும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம்: ஆணை எழுத்தில் வெளியானதா? காரணம் சொல்லப்பட்டதா? பாதிக்கப்பட்டவர் முறையிட வழி உண்டா?

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் தொடங்கிய இதழுக்கு 'மூக்நாயக்' என்று பெயரிட்டார்: ஊமைகளின் தலைவன். நாம் ஊமைகள் அல்லர். கொடியங்குளத்தின் சாட்சியம் இன்னும் பலருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. மாணவர்களே, சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே அதை எழுதிவிடுங்கள்.